கதவு திறந்துதான் கிடந்தது

போன வருசம் ஒரு பைக் எக்சிடென்ட் கேஸில சாட்சி சொல்ல வரச்சொல்லி எனக்கு அழைப்பாணை வந்திச்சு. பெரிய விசயம் ஒண்டுமில்ல, திருகோணமலையில எங்கட அனுராதபுரச் சந்திக்குக் கிட்ட ஒரு வான்காரர் சிக்னல் போடாமத் திருப்ப, பின்னால வந்த பெடியன் அப்பிடியே போய் இடிச்சு விழுந்தவன், நான் கடை வாசலில றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு நிண்டு எல்லாத்தையும் கண்டனான், அவ்வளவுதான். பெடியனுக்குக் கால் முறிஞ்சதால விசயம் கோட்ஸ் மட்டும் போயிட்டு. நானும் அயன் பண்ணின சேட்டோட எட்டரைக்கே போய், போனை வாசலில குடுத்து துண்டு வாங்கிக்கொண்டு, உள்ள மரவாங்கில ஒரு இடம் பிடிச்சு இருந்தன்.

மத்தியானம் மட்டும் அந்த வாங்கில இருந்து நான் கேட்ட சொல்லுகளை விரல் விட்டு எண்ணலாம். தலைக்கு மேல ஃபேன் கடகடவெண்டு சுத்துது. நீதவான் கதைக்கிறது சட்டத்தரணிக்கு விளங்குது, சட்டத்தரணி கதைக்கிறது நீதவானுக்கு விளங்குது, நடுவில இருந்து எழுதுறவருக்கும் விளங்குது போல, பின்னால இருக்கிற எங்கள் அறுபது எழுபது பேருக்குக் கேக்கிறது "தவணை" எண்ட ஒரு சொல்லுத்தான். எனக்குப் பக்கத்தில மூதூர்ப் பக்கத்தால வந்த ஒரு அம்மா, ஒவ்வொரு கேஸ் கூப்பிடேக்கையும் என்ர கையில தட்டி "தம்பி, உது என்ர பேரோ?" எண்டு கேட்டுக்கொண்டே இருந்தவ. "தெரியேல்லயம்மா, எனக்கும் கேக்கேல்ல." மூண்டு நாலு தரம் இதே கதை. கடைசியில பாத்தா அவட பேரை எப்பவோ கூப்பிட்டு முடிஞ்சுது, ஒரு பொலிஸ்காரர் வந்து "நீங்கள்தானே அது" எண்டு தேடிப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போக, அவ செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கொண்டு ஓடினவ. கோயிலுக்குள்ள போறமாதிரி.

ஒரு பன்னிரண்டு மணியிருக்கும், அடுத்த கேஸைக் கூப்பிட்டவுடன நீதவான் மெல்லமா ஏதோ சொன்னவர். உடன பொலிஸ்காரர் திரும்பி, அண்டைக்கு முழுக்க எனக்குத் தெளிவாக் கேட்ட ஒரே ஒரு வசனத்தைச் சொன்னார்: "சம்பந்தமில்லாத ஆக்கள் எல்லாம் வெளியில போங்கோ!"

எல்லாரும் எழும்பிப் போனம். கதவைச் சாத்திப்போட்டினம்.

வெளியில மர நிழலில நிண்டுகொண்டு சனம் என்ன செய்யும்? ஊகிக்கும். ஆர் ஆள், எந்த ஊர், என்ன கேஸ். உள்ள போன ஆக்களில ஆரையாவது தெரிஞ்ச ஒருத்தர் எண்டாலும் கூட்டத்துக்குள்ள இருப்பார்தானே, திருகோணமலை என்ன கொழும்பா? பத்து நிமிசம் ஆகேல்ல, "அது சின்னப் பிள்ளைக் கேஸாம்" எண்டு ஒருத்தர், "தகப்பன் இன்னாராம்" எண்டு இன்னொருத்தர். நான் அந்த இடத்தை விட்டுத் தள்ளிப்போய், கேற்றுக்கு வெளியில மான் ரெண்டு குப்பையைக் கிளறிக்கொண்டு நிண்டதைப் பாத்துக்கொண்டு நிண்டன். எனக்கு அந்தக் கதையைக் கேக்க ஏலாம இருந்ததுக்கு ஒரு காரணம் இருக்கு. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

எங்கட ஒழுங்கையில முதலியார் ஐயா எண்டு ஒருத்தர் இருக்கிறார். கோட்ஸில மொழிபெயர்ப்பாளரா இருந்து பென்சன் எடுத்தவர், அந்த வேலைக்கு முதலியார் எண்டுதான் பழைய ஆக்கள் சொல்லுறது, இப்ப பேரும் அதுவாப் போச்சுது. பின்னேரம் அவரிட்ட போய் இதைச் சொன்னன். "ஏன் ஐயா வெளியில அனுப்புறவை? கோட்ஸ் எண்டா எல்லாரும் பாக்கலாம்தானே?" மனுசன் சிரிச்சார். "தம்பி, 106" எண்டார். பஸ் நம்பர் சொல்லுறமாதிரி.

அது அரசியலமைப்பில 106ஆம் உறுப்புரை. நீதிமன்றம் எதுவும் பகிரங்கமாத்தான் இருக்கோணும், எந்த ஆளும் தடையில்லாம வந்து பாக்கலாம். இது முதல் பாதி. ரெண்டாம் பாதியில விலக்கு இருக்கு: குடும்ப உறவு சம்பந்தப்பட்ட கேஸ், பாலியல் சம்பந்தப்பட்ட கேஸ், தேசியப் பாதுகாப்பு அல்லது பொதுமக்கள் பாதுகாப்பு, கோட்ஸ் வளவுக்குள்ள ஒழுங்கு, இந்த நாலில ஏதாவது ஒண்டுக்காக நீதிபதி நேரடிச் சம்பந்தம் இல்லாத ஆக்களை வெளியேத்தலாம். ஐயா சொன்னவர், "திறந்து வைக்கிறதுதான் சட்டம், சாத்துறது விலக்கு. சாத்துறதெண்டா எந்தக் கண்டிசனில சாத்துறன் எண்டு அவருக்குத் தெரியோணும்." எனக்கு இந்த வசனம் நல்லாப் பிடிச்சுது. ஏனெண்டா நாங்கள் இங்க வளந்த விதத்தில மனசுக்குள்ள இருக்கிறது நேர் எதிர், சாத்தித்தான் இருக்கும், ஆரும் தெரிஞ்ச ஆள் இருந்தாத் திறப்பினம்.

சரி, என்ர கதைக்கு வாறன். சில வருசத்துக்கு முதல் நான் ஒரு உள்ளூர் செய்திப் பக்கத்துக்கு எழுதிக்கொண்டு இருந்தனான். காசு பெருசா இல்ல, ஒரு செய்திக்கு இவ்வளவு எண்டு ரீலோட் போடுற அளவுக்கு வரும். பொலிஸில, ஆஸ்பத்திரியில, கோட்ஸில தெரிஞ்ச ஆக்கள் சொல்லுவினம், நான் தட்டி அனுப்புவன், அவையள் ஏத்துவினம். ஒருநாள் ஒரு சின்னப் பிள்ளைக் கேஸ். சந்தேகநபரை விளக்கமறியலில வைக்கச் சொல்லி உத்தரவு. நான் எழுதினன். பிள்ளையின்ர பேர் போடேல்ல. அது தெரியும், போடக்கூடாதெண்டு தெரியும், அந்தளவுக்கு நான் நல்ல பெடியன். அவசரத்தில "விளக்கமரியல்" எண்டு பிழையாத் தட்டினதை முதலியார் ஐயா பேஸ்புக்கில கண்டு எனக்கு அடுத்த நாள் பேசினவர், அதுதான் அந்தச் செய்தியில இருக்கிற பிழை எண்டு நானும் நினைச்சுக்கொண்டு இருந்தன்.

ரெண்டு கிழமைக்குப் பிறகு அந்தப் பிள்ளையின்ர தகப்பனைக் கண்டன். எங்க வச்சுக் கண்டனான் எண்டு சொல்ல மாட்டன். அவர் என்ன தொழில் எண்டும் சொல்ல மாட்டன். மழை தூறிக்கொண்டு இருந்தது, அவற்ர கையில ஒரு சிலிசிலி பையில முருங்கைக்காய் நாலு நீட்டிக்கொண்டு இருந்தது, இதுகளைச் சொல்லலாம், இதால ஒருத்தரையும் பிடிக்கேலாது. "தம்பிதானே அந்தச் செய்தி எழுதினது?" எண்டு கேட்டார். கோவமாக் கேக்கேல்ல. நான் ஓம் எண்டன். போனை எடுத்தார், கிளாஸ் வெடிச்ச போன், மழைத்தண்ணி பட்டு விரலுக்குச் சரியா வேலை செய்யாம சேட்டில துடைச்சுத் துடைச்சு அந்தச் செய்தியை எடுத்தார். ரெண்டு விரலால இழுத்துப் பெருசாக்கி எனக்கு வாசிச்சுக் காட்டினார்.

"இன்ன கிராமத்தைச் சேர்ந்த." ஒரு விரலை மடக்கினார். "இன்ன வயதுடைய." மடக்கினார். "இன்ன வகுப்பில் கல்வி பயிலும்." மடக்கினார். "இன்ன தொழில் செய்பவரின் இரண்டாவது மகளான." அதோட கையைக் கீழ விட்டிட்டார்.

"பேரைத் தவிர எல்லாத்தையும் போட்டிருக்கிறீங்கள் தம்பி" எண்டார். "எங்கட ஊரில இந்தத் தொழில் செய்யிறது எத்தினை பேர் எண்டு நினைக்கிறீங்கள்?"

எத்தினை பேர் எண்டு எனக்குத் தெரியும். ஒருத்தர்தான்.

நான் ஏதோ சொன்னன், "இல்லையண்ணை, நான் வேணுமெண்டு" எண்டு தொடங்கினது ஞாபகம் இருக்கு, முடிச்சனானோ தெரியாது. "பள்ளிக்கூடம் மாத்தியாச்சு, ஆனா அங்கயும் ஒரு பிள்ளை போனில கொண்டு வந்து காட்டியிருக்கு" எண்டு சொல்லிப்போட்டு அவர் போயிட்டார். பேசியிருந்தாலும் பறவாயில்ல எண்டு இருந்திச்சு.

இதுக்குச் சட்டம் இல்லாமல் இல்ல. தண்டனைச் சட்டக்கோவையில 365சி எண்டு ஒரு பிரிவு இருக்கு, 1995 இல திருத்தம் செய்யேக்க சேர்த்தது. பாலியல் குற்றத்தில பாதிக்கப்பட்ட ஆளின்ர பேரையோ, ஆளை அடையாளம் காட்டக்கூடிய எந்த விசயத்தையோ வெளியிட்டாக் குற்றம். "எந்த விசயத்தையோ" எண்ட இடத்திலதான் நான் மாட்டுப்பட்டனான். பேர் எண்டது ஒரு துண்டு. ஊர், வகுப்பு, தகப்பன்ர தொழில், எத்தினையாவது பிள்ளை, ஒவ்வொண்டும் ஒவ்வொரு துண்டு, எல்லாத்தையும் அடுக்கினா முகம் வந்திடும். கொழும்பில வெள்ளவத்தையில ஒரு தொழிலைச் சொன்னா ஆயிரம் பேர் இருப்பினம். இங்க ஒரு கிராமத்தையும் ஒரு தொழிலையும் சேர்த்துச் சொன்னா அது அடையாள அட்டை நம்பர் சொன்ன மாதிரி. இண்டைக்கும் எங்கட செய்திப் பக்கங்களில கண்ணை மட்டும் மறைச்ச போட்டோ, ஊர், வயசு, பள்ளிக்கூடம் எண்டு கிடக்குது. கீழ கொமெண்டில "பாவம்" எண்டு நூறு பேர்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் நான் இந்த விசயத்தைத் தேடித் தேடி வாசிக்கத் தொடங்கினன். கோட்ஸ் தான் நடத்துற கேஸைப்பற்றி வெளியில சொல்லாத எண்டு போடுற உத்தரவு, அதில பல விதம். கதவைச் சாத்திப்போட்டு உள்ள நடத்துறது ஒரு விதம். கதவு திறந்திருக்கும், வந்து பாக்கலாம், ஆனா இன்னாற்ர பேரை வெளியில எழுதாத எண்டுறது இன்னொரு விதம். கேஸ் முடியும்மட்டும் பொறு, பிறகு எழுது எண்டுறதும் இருக்கு. எல்லாத்துக்கும் மேல ஒண்டு இருக்கு, அதுக்குப் பிறகு வாறன்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில இதுகள் அடிக்கடி நடக்கிற விசயம். 2018 டிசம்பரில மெல்பேர்ணில கத்தோலிக்கக் கர்தினால் ஜோர்ஜ் பெல்லை, சிறுவர் பாலியல் கேஸ் ஒண்டில, யூரிமார் குற்றவாளி எண்டு தீர்ப்புச் சொல்லிச்சினம். அவருக்கு எதிரா இன்னொரு வழக்கும் வர இருந்ததால, அந்த யூரிமாற்ர மனசைக் கெடுக்கக்கூடாதெண்டு, தீர்ப்பை வெளியிட ஏலாது எண்டு தடை. வெளிநாட்டுப் பத்திரிகையள் எழுதிப்போட்டுதுகள். மெல்பேர்ண் பேப்பர் ஒண்டு முன்பக்கம் முழுக்கக் கறுப்பாக்கி, தணிக்கை எண்டு ஒரு சொல்லை மட்டும் பெருசாப் போட்டுது, பேரில்ல ஊரில்ல, ஆனா எல்லாரும் போனை எடுத்துத் தேடிக் கண்டுபிடிச்சிட்டினம். தடையை 2019 பெப்ரவரியிலதான் எடுத்தது. பிறகு 2020 இல அந்த நாட்டு உயர் நீதிமன்றம் ஏழு நீதிபதியும் ஒருமிச்சு அந்தத் தீர்ப்பையே ரத்துச் செய்தது. 2021 இல தடையை மீறினதுக்கெண்டு மீடியாக் கம்பனிகளுக்குப் பத்து லட்சம் ஆஸ்திரேலியன் டொலருக்கு மேல தண்டம். அந்தக் கறுப்புப் பக்கம் எனக்கு நல்லா விளங்கிச்சு, ஏனெண்டா நான் எழுதினதும் அதுதான். சொல்லாமச் சொல்லுறது.

அதே 2018 டிசம்பரில நியூசிலாந்தில இன்னொரு கூத்து. ஒரு பிரித்தானியச் சுற்றுலாப் பொம்பிளைப்பிள்ளையைக் கொலை செய்த கேஸ், சந்தேகநபற்ர பேரை வெளியிட ஏலாதெண்டு கோட்ஸ் சொல்லியிருக்கு. கூகுள் அண்டைக்கு என்ன தேடுகினம் எண்டு ஆக்களுக்கு ஒரு ஈமெயில் தானா அனுப்பும்தானே, அதில தலைப்பிலயே பேர் போயிட்டு. ஒரு மனுசனும் வேணுமெண்டு செய்யேல்ல. மெசினுக்கு 106உம் தெரியாது 365சியும் தெரியாது.

இதெல்லாம் வாசிக்கேக்க எனக்கு முதல் வந்த யோசினை, அப்ப எல்லாத்தையும் சாத்திப்போட்டு நடத்தினா என்ன எண்டதுதான். அந்தத் தகப்பன்ர முகத்தைக் கண்டவன் அப்பிடித்தான் யோசிப்பான். முதலியார் ஐயாட்டச் சொன்னன். அவர் எனக்கு ரெண்டு கேஸ் சொன்னவர், ரெண்டும் இங்கிலாந்துக் கேஸ், எங்கட சட்டத்தரணிமார் இண்டைக்கும் தூக்கித் தூக்கிக் காட்டுறது.

ஒண்டு ஸ்கொட் எண்ட மனுசியின்ர கேஸ், 1913. புருசனுக்கு ஆண்மை இல்ல எண்டு கலியாணத்தைச் செல்லாதெண்டு ஆக்கச் சொல்லி வழக்குப் போட்டவ. வெட்கக்கேடான விசயம் எண்டு கதவைச் சாத்தி விசாரிச்சினம். அவவுக்குச் சாதகமாத் தீர்ப்பு வந்திச்சு. ஆனா வெளியில புருசன் தன்னைப்பற்றி வேற கதை சொல்லித் திரியிறான் எண்டு, தன்ர மானத்தைக் காப்பாத்த, வழக்கேட்டின்ர பிரதியை எடுத்து புருசன்ர தகப்பனுக்கும் சகோதரிக்கும் அனுப்பினவ. உடன கோட்டை அவமதிச்ச குற்றம் எண்டு பிடிச்சிட்டினம். மேல போய், பிரபுக்கள் சபை அவ செய்தது குற்றமில்லை எண்டது. வெட்கமா இருக்கு எண்டுறது கதவைச் சாத்தக் காரணம் இல்ல, திறந்து நடத்தினா நீதியே செய்யேலாமப் போகும் எண்ட நிலைமை இருந்தாத்தான் சாத்தலாம் எண்டது. "பார், கதவு சாத்தினது ஆருக்கு உதவி?" எண்டு ஐயா கேட்டார். "அவளின்ர வாயைத்தானே கட்டினது."

மற்றது 1923, அதுவும் என்னைப்போல ஒரு பைக் கேஸ்! மோட்டர் சைக்கிள்காரர் ஒருத்தர் இடிச்சுப்போட்டார், நீதவான்மார் குற்றவாளி எண்டினம். அவையளோட உள்ளறைக்குப் போன கோட்ஸ் கிளார்க், அந்த மோட்டர் சைக்கிள்காரரிட்ட நட்டஈடு கேக்கிற பக்கத்துச் சட்டக் கம்பனி ஆள். கிளார்க்கிட்ட ஒண்டும் கேக்கேல்ல, அவர் வாயே திறக்கேல்ல எண்டு நீதவான்மார் சொல்லிச்சினம். அது உண்மையாயும் இருக்கலாம். எண்டாலும் மேல் கோட்ஸில பிரதம நீதியரசர் லோர்ட் ஹியூவர்ட் தீர்ப்பைத் தூக்கி எறிஞ்சார். நீதி செய்தாப் போதாது, செய்தது கண்ணுக்குத் தெரியோணும் எண்டு எல்லாரும் சொல்லுறது அங்க இருந்து வந்ததுதான். சிவனே எண்டு ஒரு பைக் எக்சிடென்ட்டில இருந்து.

இப்ப அந்த மேல உள்ள விதத்துக்கு வாறன். தடை போட்டிருக்கு எண்டு சொல்லுறதுக்கே தடை. இங்கிலாந்தில 2009 இல ட்ராஃபிகுரா எண்ட எண்ணெய் வியாபாரக் கம்பனி கார்டியன் பத்திரிகைக்கு அப்பிடி ஒண்டு எடுத்தது, ஐவரி கோஸ்டில கொட்டின கழிவைப்பற்றின அறிக்கை ஒண்டுக்காக. ஒரு எம்.பி. பாராளுமன்றத்தில கேள்வி கேக்க, அதையும் எழுத ஏலாத நிலைமை. "எங்களால ஒரு கேள்வியைப்பற்றி எழுத ஏலாது" எண்டு மட்டும் பேப்பரில போட்டுது, ட்விட்டர்காரர் மிச்சத்தைப் பாத்துக்கொண்டினம்.

அதை விடப் பெரிசு, பிரித்தானியப் படையோட வேலை செய்து, அங்க வர விண்ணப்பிச்ச ஆப்கான்காரர் கிட்டத்தட்ட 19,000 பேற்ர விபரம் 2022 இல வெளியில போனது. தலிபான்ர கையில கிடைச்சா உயிர் போகும் எண்டு 2023 செப்டெம்பரில கோட்ஸ் அந்த மாதிரி உத்தரவு போட்டது. 2025 ஜூலை மட்டும், கிட்டத்தட்ட ரெண்டு வருசம், பேப்பரும் எழுதேல்ல, பாராளுமன்றத்திலயும் கேக்க ஆளில்ல. உயிரைக் காப்பாத்தத்தான் தடை, அதை நான் பிழையெண்டு சொல்ல மாட்டன். ஆனா பேர் போன அந்த ஆக்களுக்கே தங்கட பேர் போனது தெரியாது. அவையளில ஒருத்தனா நான் இருந்தா என்ன நினைப்பன் எண்டு யோசிச்சுப் பாத்தன். ஓடி ஒளிக்கிறதோ விடுறதோ, அதையாவது என்னைத் தீர்மானிக்க விட்டிருக்கலாமே எண்டுதான் நினைச்சிருப்பன்.

எண்டாலும் அங்க ஒரு கடதாசி இருந்திச்சு. ஆர் கேட்டது, ஆர் போட்டது, எந்தத் திகதி, என்ன காரணம். எதிர்த்து வாதாட சட்டத்தரணி இருந்தார். கடைசியில எடுத்தும் போட்டினம். இதை வாசிச்சிட்டு நான் எங்கட ஊரைப்பற்றி யோசிச்சன். எங்கட வாயில போட்ட தடையளுக்குக் கடதாசி எங்க?

காந்தி சிலையடிக்குப் பின்னேரத்தில நான் இப்பவும் போறனான். கச்சான் வாங்கிக்கொண்டு கடலைப் பாத்துக்கொண்டு இருக்கிறது. 2006 ஜனவரி 2ஆம் திகதி அதே இடத்திலதான் அஞ்சு மாணவர்களைச் சுட்டுக் கொலை செய்தது. குண்டு வெடிச்சுச் செத்தவை எண்டுதான் முதல் கதை. ஆஸ்பத்திரியில உடல்களைப் படமெடுத்து, சூட்டுக்காயம் எண்டு உலகத்துக்குக் காட்டினவர் சுடர் ஒளிப் பத்திரிகையாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். அதே மாசம் 24ஆம் திகதி அவரையும் இதே ஊரில சுட்டாச்சு. அந்த அஞ்சு மாணவர்களின்ர கேஸ் எங்கட நீதவான் நீதிமன்றத்திலதான் நடந்தது. கதவு திறந்துதான். ஒரு தடையுத்தரவும் இல்ல. 2019 ஜூலை 3ஆம் திகதி, சாட்சியம் போதாதெண்டு சந்தேகநபர்கள் 13 பேரையும் விட்டாச்சு. கண்ட ஆக்கள் வந்து சொல்லேல்ல, சொல்லக்கூடியவை கன பேர் நாட்டிலயே இல்ல. படம் எடுத்த மனுசனுக்கு நடந்ததைக் கண்ட ஊரில, வாயைத் திறக்காத எண்டு ஒரு நீதிபதி கையெழுத்து வைக்க வேணுமோ?

குமாரபுரம் இன்னொரு விதம். எங்கட மாவட்டத்தில, கிளிவெட்டிக்குப் பக்கத்தில, 1996 பெப்ரவரி 11, சின்னப் பிள்ளையள் உட்பட 24 பேரைக் கொலை செய்தது. இருவது வருசம் கழிச்சு 2016 ஜூலை 27 இல தீர்ப்பு வந்தது, முன்னாள் இராணுவக் கோப்ரல்மார் ஆறு பேரும் விடுதலை. எங்க வந்தது? அனுராதபுரம் மேல் நீதிமன்றத்தில. சட்டப்படி அதுவும் திறந்த நீதிமன்றம், ஆரும் போய்ப் பாக்கலாம். குமாரபுரத்துச் சனம் விடிய எழும்பி, பஸ் மாறி மாறி, நூறு கிலோமீற்றருக்கு மேல போய், சிங்களத்தில கதைக்கிறதைச் சிங்களம் கதைக்கிற யூரிக்கு முன்னால இருந்து பாக்கலாம். வடக்கு கிழக்கில கோட்ஸ் பதிவு தமிழில இருக்கோணும் எண்டு அரசியலமைப்பே சொல்லுது. கேஸை மாவட்டம் தாண்டிக் கொண்டுபோனா மொழியும் சேர்ந்து போயிடும். ஒரு கதவும் சாத்தேல்ல. கதவைத்தான் தூரத்தில கொண்டுபோய் வச்சது.

இதோட சேர்த்து இன்னொரு நோய் இருக்கு எங்களுக்கு. ஏதாவது ஒரு ஒபிசில போய் ஒண்டு கேட்டா, "அது கேஸ் நடக்குது, கதைக்கக்கூடாது" எண்டுவினம். காணி கேட்டாலும் அதுதான், றோட்டு ஏன் அரைகுறையாக் கிடக்குது எண்டு கேட்டாலும் அதுதான். எந்தக் கேஸ், என்ன நம்பர், எந்த நீதிபதி கதைக்கக்கூடாதெண்டவர் எண்டு கேட்டுப்பாருங்கோ, முழிப்பினம். கோட்டை அவமதிக்கிறது எது, எது இல்ல எண்டு 2024 இலதான் தனியா ஒரு சட்டம் வந்திருக்கு, அதுக்கு முதலும் பிறகும் எங்கட ஆக்கள் தங்களுக்குத் தாங்களே தடை போட்டுக்கொண்டுதான் இருக்கினம். சாத்த வேண்டிய இடத்தில, அந்தப் பிள்ளையின்ர விசயத்தில, என்னைப்போல ஒருத்தன் பொத்தலைப் போட்டு ஊருக்கே காட்டிப்போட்டான். திறக்க வேண்டிய இடத்தில நாங்களே தள்ளி நிக்கிறம்.

முதலியார் ஐயா இதைக் கேட்டிட்டு ஒத்துக்கொள்ளேல்ல. "தம்பி, உனக்குப் பின்வாங்கில கேக்கேல்ல எண்டா எழும்பி, ஐயா கேக்கேல்ல எண்டு சொல்லியிருக்கலாம்தானே" எண்டார். "நீங்கள் அங்க வேலை செய்த காலத்தில ஆரும் அப்பிடிச் சொன்னவையோ?" எண்டு கேட்டன். கொஞ்ச நேரம் யோசிச்சார். ஒருக்கா ஒரு கிழவன் சொன்னவராம், மடத்தடிப் பக்கத்து ஆள், "துரை, என்ர காணியைப்பற்றித்தானே கதைக்கிறியள், எனக்கும் கேக்கக் கதையுங்கோ" எண்டு. நீதிபதி சிரிச்சுப்போட்டு, முதலில இருந்து சத்தமாத் திரும்பச் சொல்லச் சொன்னவராம். அதுக்குப் பிறகு அந்தக் கிழமை முழுக்க எல்லாரும் சத்தமாத்தான் கதைச்சவையாம். ஒரு மைக்குக்கும் ஃபேனுக்கு எண்ணெய் விடுறதுக்கும் அரசியலமைப்பைத் திருத்தத் தேவையில்ல எண்டது என்ர அபிப்பிராயம்.

என்ர பைக் கேஸ் இன்னும் முடியேல்ல. மூண்டு தவணை போயிட்டு. ஒரு தரம் வான்காரற்ர சட்டத்தரணி வரேல்ல, ஒரு தரம் நீதவான் லீவு, ஒரு தரம் என்னைக் கூப்பிட்டு, பேரைக் கேட்டு, நேரம் போயிட்டு அடுத்த முறை வாங்கோ எண்டினம். கால் முறிஞ்ச பெடியன் இப்ப நல்லா நடக்கிறான், போன தரம் வான்காரரோடயே ஒண்டா நிண்டு தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருந்தவன்.

அந்தச் செய்தியை நான் அழிப்பிச்சன். தகப்பனைக் கண்ட அண்டைக்கு இரவே அந்தப் பக்கக்காரருக்கு எடுத்துக் கெஞ்சி, ரெண்டு நாளில எடுத்தாச்சு. அவருக்கு அதைச் சொல்லோணும் எண்டு ரெண்டு தரம் அந்தப் பக்கம் போனன், ரெண்டு தரமும் சொல்லாமத் திரும்பி வந்திட்டன்.

போன மாசம் இதை எழுதுவம் எண்டு யோசிக்கேக்க, சும்மா ஒருக்கா கூகுளில "விளக்கமரியல்" எண்டு பிழையாவே தட்டிப் பாத்தன். மூண்டாவதா வந்திச்சு. வேற ஆற்றயோ பக்கத்தில, வேற ஆற்றயோ பேரில, கிராமம், வயசு, வகுப்பு, தொழில், ரெண்டாவது மகள், ஒரு எழுத்தும் மாத்தாம, என்ர எழுத்துப்பிழையோட.